தடையை அளந்த பள்ளி ஆசிரியர்



பழைய இழை விளக்கு ஒன்று உங்கள் வீட்டில் எங்கேனும் கிடந்தால் அதன் தலைப்பகுதியை உற்று நோக்குங்கள். 230 வோல்ட், 40 வாட் என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். விளக்கைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டிருப்பது அவ்வளவுதான். ஆயினும் அந்த இரண்டு எண்களைக் கொண்டே அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் செல்லும், அதன் இழை எவ்வளவு தடை தரும் என்பவற்றை ஒரு சிறு தாளில் கணக்கிட்டுவிடலாம். 40 ஐ 230 ஆல் வகுத்தால் 0.174 ஆம்பியர், அது மின்னோட்டம். 230 ஐ 0.174 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,320 ஓம், அது தடை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிக்கும் இப்படியே செய்து பார்த்தால் மின்னோட்டம் 4.35 ஆம்பியர் என்றும், தடை 53 ஓம் என்றும் வரும்.

எட்டாம் வகுப்பு அறிந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் முடிக்கக்கூடிய இந்த வகுத்தல் கணக்கை உலகம் ஏற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. அதைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மற்றொருவர் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. நானும் வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றவன் ஆதலால், முன்னவரைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி நாட்டு வோல்ட்டா தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800 ஆம் ஆண்டில். அன்றுமுதல் தொடர்ச்சியாக ஓடும் மின்சாரம் அறிஞர்களுக்குக் கிடைத்தது. அதைக்கொண்டு நீரைப் பிரித்தார்கள். புதிய தனிமங்களைக் கண்டார்கள். கம்பியைச் செந்தழலாகச் சுட வைத்தார்கள். ஆனால் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று கேட்டால் விடை சொல்ல ஒருவருக்கும் இயலவில்லை. அளக்கக் கருவி இல்லை. கருவி இருந்தாலும், அளக்க வேண்டியது எது என்பதே தெளிவாகவில்லை. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு, தடை வேறு என்று இன்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அன்று இம்மூன்றும் ஒரே மூடுபனிக்குள் கலந்து கிடந்தன.

இவர்களுக்கெல்லாம் முன்னரே ஒருவர் உண்மைக்கு மிக அருகில் சென்றிருந்தார். இங்கிலாந்தில் வாழ்ந்த ஹென்றி காவண்டிஷ் என்னும் செல்வர் அவர். அவரிடமும் மின்னோட்டமானி கிடையாது. ஆதலால் தம் உடம்பையே கருவியாக்கிக்கொண்டார். உப்பு நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்சாரத்தைத் தம் உடலில் பாய்ச்சி, இந்த அதிர்ச்சி பெரிதா, அந்த அதிர்ச்சி பெரிதா என்று ஒப்பிட்டு, எந்தக் குழாய் எவ்வளவு தடை தருகிறது என்று கணித்தார். அவர் கண்ட முடிவுகள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியானவை. ஆனால் அவர் யாரிடமும் வாய் திறந்து பேசாத மனிதர். 1781 ஆம் ஆண்டளவில் எழுதிய குறிப்புகளை அச்சிடாமலேயே விட்டுச் சென்றார். நூறு ஆண்டுகள் கழித்து மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் அவற்றைத் தேடித் தொகுத்து 1879 இல் வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது. அதற்குள் அந்தப் பெருமை வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்த வேறொருவர்தாம் ஜியார்ஜ் சைமன் ஓம். 'ஓம் விதி' என்று நான் வகுப்பில் கூறும்போதெல்லாம் பின்வரிசைப் பிள்ளைகள் கைகூப்பிச் சிரிப்பது வழக்கம். பிரணவத்துக்கும் இவருக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. அது ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயர்.

ஓம் 1789 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16 ஆம் நாள், பவேரியாவைச் சேர்ந்த எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆயினும் தாமே முயன்று கணிதமும் அறிவியலும் கற்றுத் தம் மக்களுக்கும் கற்பித்தார். ஏழு குழந்தைகளில் உயிர் பிழைத்தவர் மூவர். ஓமுக்குப் பத்து வயதாகும்போது தாயார் காலமானார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பையன் நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைப் போக்குவதைக் கண்டு தந்தையார் வெகுண்டு, படிப்பை நிறுத்திச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வேலை. அப்போது ஓமுக்கு வயது பதினேழு. பின்னர் ஊர் திரும்பி 1811 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் பல்கலைக்கழகத்தில் கிடைத்த வருவாய் வயிற்றுக்குப் போதவில்லை. பாம்பெர்க் நகரில் ஒரு பள்ளி, அதுவும் மூடப்பட்டது. 1817 இல் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி வாய்த்தது. அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. தந்தையாரிடம் பட்டறையில் பழகிய கைகள் அங்கே பயன்பட்டன.

1820 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த முள் விலகுவதைக் கண்டறிந்தார். ஓட்டத்தை அளக்க ஒரு வழி பிறந்துவிட்டது. முள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு ஓட்டம் என்று கொள்ளலாமன்றோ? ஓம் இதைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்வி எளியது: கம்பியின் நீளத்தைக் கூட்டினால் ஓட்டம் எவ்வாறு குறைகிறது?

1825 இல் அவர் முதன்முதலாக வெளியிட்ட விடை தவறானது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மின்கலத்தைக் கொண்டு சோதனை செய்தார். அந்தக் காலத்து மின்கலமோ இணைத்த கணத்திலிருந்தே தளர்ந்துகொண்டு வரும். அளந்துகொண்டிருக்கும்போதே அளவுகோல் சுருங்குவது போன்ற நிலைமை. கிடைத்த எண்களுக்கு ஏற்ற மடக்கைச் சூத்திரம் ஒன்றை அமைத்து, அவசரப்பட்டு அச்சிலும் ஏற்றிவிட்டார். அப்போது இயற்பியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராயிருந்த பொக்கண்டார்ஃப், மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று யோசனை கூறினார். இருவேறு உலோகங்களின் இணைப்புகள் இரண்டனுள் ஒன்றைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பது சீபெக் என்பார் சில ஆண்டுகளுக்கு முன் கண்டது. சூடும் குளிரும் மாறாதிருக்கும் வரை மின்சாரத்தைத் தள்ளும் விசையும் மாறாது.

ஓம் பிஸ்மத்துப் பட்டையின் இரு முனைகளிலும் செம்பை இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரிலும், மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் உருகும் பனியும் வெப்பநிலை மாறாதவை அல்லவா? மெல்லிய உலோக இழையில் காந்த முள்ளைத் தொங்கவிட்டு, முள் விலகும்போது இழையை மேலிருந்து முறுக்கி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டார். ஒரே தடிப்புள்ள எட்டுச் செம்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்துப் பார்த்தார்.

1826 ஜனவரி 8 ஆம் நாள் கிடைத்த அளவுகள் இவை. 2 அங்குலக் கம்பிக்கு 326¾. 10 அங்குலத்துக்கு 238¼. 34 அங்குலத்துக்கு 134½. 130 அங்குலத்துக்கு 48½. பென்சில் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓம் இவற்றையெல்லாம் ஒரே விதிக்குள் அடக்கினார். கம்பியின் நீளத்தோடு 20¼ ஐக் கூட்டு. கிடைத்த தொகையால் 7,285 ஐ வகு. அவ்வளவே. 2 அங்குலத்துக்கு 7,285 ஐ 22¼ ஆல் வகுத்தால் 327 சொச்சம். 34 க்கு 134 சொச்சம். 130 க்கு நாற்பத்தெட்டரை. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத பொருள். முறுக்கிய இழையைத் தவிர வேறு கருவி இல்லை. ஆயினும் கணக்கும் அளவும் இவ்வளவு நெருங்கி வருகின்றன!

இதில் 7,285 என்பது என்ன, 20¼ என்பது என்ன? கொதிநீரை அகற்றிவிட்டு, ஓர் இணைப்பை அறையின் வெப்பத்திலேயே விட்டுச் சோதனையை மறுபடியும் செய்தார் ஓம். 7,285 மிகவும் குறைந்தது, 20¼ அசையவில்லை. ஆகவே முன்னது தள்ளும் விசை. அது வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. பின்னது கம்பி நீங்கலாக, சுற்றின் எஞ்சிய பகுதி தரும் தடை. அது இருபதேகால் அங்குலக் கம்பிக்குச் சமம். ஓட்டம் என்பது விசையைத் தடையால் வகுத்து வருவது. அழுத்தம், ஓட்டம், தடை மூன்றும் மூடுபனியிலிருந்து தனித்தனியே வெளிவந்தன. தம்முடைய பழைய சூத்திரத்தைத் தாமே கைவிட அவர் தயங்கவில்லை.

இதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் நடந்தது வருந்தத்தக்கது. பல்கலைக்கழகப் பதவி ஒன்று கிடைக்கும் என்னும் நம்பிக்கையில், அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லினுக்குச் சென்று, தம் கொள்கையை முழுவதும் நூலாக எழுதி 1827 இல் வெளியிட்டார். வரவேற்பு மிகக் குளிர்ந்திருந்தது. இயற்கையைக் கணிதத்தால் அளப்பதைவிடத் தத்துவத்தால் உணர்வதே மேல் என்னும் போக்குச் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. பெர்லின் நகர ஆய்வாளர் ஒருவர் நூலைக் கடுமையாகத் தாக்கினார். எதிர்பார்த்த பதவி வரவில்லை. மனம் நொந்த ஓம் 1828 இல் கொலோன் பள்ளிப் பதவியையும் துறந்தார். பின்னர் ஐந்தாண்டுக் காலம் பெர்லினில் நிலையான பதவி ஏதுமின்றிக் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார்.

ஓமைப் புறக்கணித்தவர்களை ஏசுவது எளிது. ஆனால் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வேறொரு கருத்தும் உண்டு. அந்த நூலில் அவர் தம் எட்டுக் கம்பிகளை முன்னிறுத்தவில்லை. வெப்பம் உலோகத்தில் பரவுவதைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வகுத்த கணிதத்தை மாதிரியாகக் கொண்டு, கொள்கையிலிருந்து தொடங்கிச் சமன்பாடுகளாகவே எழுதிச் சென்றார். படித்தவர்களுக்கு இது ஆய்வுக்கூடத்தில் வியர்வை சிந்திக் கண்ட உண்மை என்று தோன்றவில்லை. நாற்காலியில் அமர்ந்து செய்த கற்பனை என்றே தோன்றியது. பதினைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர், கண்டதை முதலில் காட்டு, பிறகு விதியைச் சொல் என்னும் வகுப்பறை முறையைத் தம் நூலில் கையாளாமற்போனது எனக்கு இன்றும் வியப்பே.

மெல்ல மெல்ல நிலைமை மாறியது. லைப்சிக் நகரில் ஃபெக்னர் என்பார் விரிவான சோதனைகள் செய்து 1831 இல் ஓம் கூறியது சரியே என்று எழுதினார். பிரான்சில் பூய்யே என்பாரும் அதே முடிவுக்கு வந்தார். 1833 இல் நூரம்பெர்க் தொழிற்கல்லூரி ஓமை அழைத்துக்கொண்டது. 1841 இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த பரிசாகிய காப்ளே பதக்கத்தை அவருக்கு வழங்கியது. வீட்ஸ்டன் 1843 இல் ஆற்றிய சொற்பொழிவால் இங்கிலாந்தில் ஓமின் முறை பரவியது. அவர் இளமையிலிருந்து நாடிய பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவி, மியூனிக் நகரில் 1852 இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டுகள், 1854 ஜூலை 6 ஆம் நாள் காலமானார்.

இனி வாட் கணக்குக்கு வருவோம். ஓம் சொன்னது ஓட்டத்தைப் பற்றி. அந்த ஓட்டம் கம்பியை எவ்வளவு சூடாக்கும் என்பதைச் சொன்னவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். இங்கிலாந்தில் மாஞ்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் 1818 இல் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமான பீர் வடிசாலை இருந்தது. அங்கே ஓடும் நீராவி எந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரை வைத்தால் செலவு குறையுமா என்று பார்க்கப் புகுந்ததுதான் அவரை ஆராய்ச்சியில் இழுத்துவிட்டது. மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலையையும் அடுப்பில் எரியும் நிலக்கரியின் விலையையும் ஒப்பிட்டார், நிலக்கரிதான் வென்றது. ஆனால் வணிகக் கணக்குத் தோற்ற இடத்தில் அறிவியல் கணக்கு ஒன்று தலைதூக்கியது.

கண்ணாடிக் குழாயின்மேல் கம்பியைச் சுருளாகச் சுற்றி, நீர் நிறைந்த குடுவைக்குள் இறக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று வெப்பமானியால் பார்த்தார். ஓட்டத்தை இரட்டித்தால் வெப்பம் இரு மடங்கு ஆகவில்லை. நான்கு மடங்கு ஆயிற்று. மும்மடங்கு ஆக்கினால் ஒன்பது மடங்கு. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் ஒரு வினாடியில் பிறக்கும் வெப்பத்தின் அளவு வரும் என்பது அவர் கண்ட விதி. 1840 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். சுருக்கத்தை மட்டும் அச்சிட்டார்கள். முழுக் கட்டுரை மறு ஆண்டு வேறோர் இதழில் வந்தது. எழுதியவருக்கு வயது இன்னும் இருபத்திரண்டு நிரம்பவில்லை. ருஷ்ய நாட்டில் லென்ஸ் என்பாரும் தனியே இதே உண்மையைக் கண்டார்.

ஓமின் விதியையும் ஜூலின் விதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தடையை ஓட்டத்தால் பெருக்கினால் அழுத்தம். ஆகவே ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குவதும், அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்குவதும் ஒன்றே. அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பதும் அதுவே.

இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தடை கூடினால் வெப்பம் கூடும் என்கிறது ஒரு வாய்பாடு. தடை கூடினால் வெப்பம் குறையும் என்கிறது மற்றொன்று. எது சரி? இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நம் வீட்டில் விளக்குகள் அனைத்தும் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதே 230 வோல்ட். ஆகவே தடை குறைந்த 100 வாட் விளக்கு பிரகாசமாக எரிகிறது. அதே 100 வாட் விளக்கையும் 40 வாட் விளக்கையும் தொடரிணைப்பில் மாட்டினால், இரண்டிலும் ஓடுவது ஒரே ஓட்டம். அப்போது தடை மிகுந்த 40 வாட் விளக்கே அதிக ஒளி தரும். பெரிய விளக்கு மங்கிக் கிடக்கும். இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்து பாருங்கள்.

இந்த ஏட்டுக் கணக்கு நாடுகளின் முகத்தை மாற்றியது. 1879 இல் எடிசன் தம் விளக்கை அமைத்தபோது, பிறர் தடை குறைந்த தடித்த கரித்துண்டுகளை எரிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவரோ மயிரிழை போன்ற மெல்லிய, நூறு ஓமுக்கு மேல் தடையுள்ள கரியிழையை நாடினார். காரணம் செம்பின் விலை. தடை கூடினால் விளக்குக்கு வேண்டிய ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் தெருவில் புதைக்கும் செம்புக் கம்பி மெல்லியதாக இருக்கலாம். 1882 இல் நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

தொலைதூரத்துக்கு மின்சாரத்தை அனுப்புவதும் இதே கணக்குத்தான். ஒரு ஓம் தடையுள்ள கம்பியின் வழியாக 10,000 வாட் அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். 100 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 100 ஆம்பியர். அந்த நூறு வோல்ட்டும் கம்பியிலேயே தீர்ந்துவிடும். மறுமுனைக்கு ஒன்றும் போய்ச் சேராது. 1,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 10 ஆம்பியர். வழியில் வீணாவது 100 வாட்தான். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் வீணாவது ஒரே ஒரு வாட். 1891 இல் ஜெர்மனியில் லாஃபன் அருவி ஊரிலிருந்து பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தொலைவு, பதினைந்தாயிரம் வோல்ட்டில் மின்சாரம் அனுப்பிக் காட்டியபோது, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு பழுதின்றி வந்து சேர்ந்தது. வயல்வெளிகளில் வானளாவ நிற்கும் மின்கோபுரங்களைப் பேருந்திலிருந்து பார்க்கும்போது, ஜூலின் குடுவைத் தண்ணீர் எனக்கு நினைவுக்கு வரும்.

அளவுகளின் பெயர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மின் அலகுகளுக்கு அறிஞர்களின் பெயரைச் சூட்டலாம் என்று 1861 இல் கிளார்க், பிரைட் என்னும் இரு தந்திப் பொறியாளர்கள் யோசனை கூறினார்கள். 1881 இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகியவற்றை ஏற்றது. மறு ஆண்டு வில்லியம் சீமன்ஸ், ஒரு வோல்ட்டை ஒரு ஆம்பியரால் பெருக்கி வரும் திறனுக்கு வாட் என்று பெயரிடலாம் என்றார். நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், மின்சாரக் கணக்கு ஒன்றும் அறியாமலேயே 1819 இல் மறைந்தவர். அவர் பெயர்தான் இன்று ஒவ்வொரு விளக்கிலும் இருக்கிறது.

முடிக்குமுன் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. நான் பணியில் சேர்ந்த புதிதில், 40 வாட் விளக்கின் தடை 1,320 ஓம் என்று கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன். ஒரு மாணவன் மறுநாள் டார்ச்சு விளக்கின் பாட்டரியையும் ஆய்வுக்கூடத்து மில்லி அம்மீட்டரையும் கொண்டு அதே விளக்கை அளந்து, நூறு ஓமை ஒட்டியே வருகிறதே ஐயா என்றான். நீ அளந்தது பிழை, உட்கார் என்று சொல்லிவிட்டேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்கவில்லை.

அவன் அளந்தது சரி. எரியும் டங்ஸ்டன் இழையின் வெப்பம் இரண்டாயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேல். உலோகம் சூடேறச் சூடேற அதன் தடை பெருகும். எரியும் விளக்கின் தடை, அணைந்த விளக்கின் தடையைப்போல் பத்து மடங்குக்கு மேலாகும். பாட்டரியின் சிறு ஓட்டத்தில் இழை சூடாகவே இல்லை. வெப்பநிலை மாறாதபோது என்று ஓம் விதியின் தலையில் நாம் எழுதுவது அழகுக்காக அன்று. இன்று வீடுகளில் நிறைந்துவிட்ட எல்.இ.டி. விளக்குகளோ இந்த எளிய விகிதத்துக்குக் கட்டுப்படுவதே இல்லை. அவற்றில் அழுத்தம் சிறிது கூடினால் ஓட்டம் தாறுமாறாக ஏறிவிடும் ஆதலால், அதைக் கட்டுப்படுத்த உள்ளேயே ஒரு சிறு சுற்று வைத்திருக்கிறார்கள்.

அம்மாணவன் பள்ளியை விட்டுச் சென்ற பிறகுதான் எனக்கு இது விளங்கிற்று. அடுத்த ஆண்டிலிருந்து ஓம் விதிப் பாடத்தை நான் கரும்பலகையில் தொடங்கவில்லை. அணைந்த விளக்கையும் பாட்டரியையும் மேசைமேல் வைத்து, முதலில் பிள்ளைகளை அளக்கச் சொன்னேன்.